ரீபவுண்டுக்கு ‘மீள்தடை’ வேண்டாம், ‘விரிதடை’ என்று வைப்போம்

வணக்கம்.

வண்டிப் பாகங்களுக்கும் அவற்றின் வேலைக்கும் தமிழ்ச் சொற்பட்டியல் போடுகிற இந்த இழையில், ரீபவுண்ட் டேம்பிங்குக்கு, அதாவது சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்கோடு இருக்கும் ஷாக்கப்சர் நீளும்போது காட்டுகிற எதிர்ப்புக்கு, ‘மீள்தடை’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம் என்பது போலப் பேச்சு நகர்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொல் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வண்டியில் கை வைக்கிறவனைத் தவறான பாகத்தின் பக்கம் திருப்பிவிடும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் பெரிய டயர் மாட்டிய வண்டிகளோடுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மஹிந்திரா தார் ஜீப்பில் 245/75 ஆர்16 டயரைக் கழற்றிவிட்டு 265/75 ஆர்16 போடுகிறார்கள். விட்டம் சுமார் 774 மி.மீ.-இலிருந்து 804 மி.மீ. ஆகிறது. கூடுவது 30 என்றாலும் வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, 15 மி.மீ. மட்டும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்குச் சற்று மேலே ஓடும். இந்தக் கணக்கெல்லாம் போடுகிறவர்கள்கூட எடையை விட்டுவிடுகிறார்கள். கரடுமுரடுக்கு என்று செய்த தடித்த டயர் என்றால் ஒவ்வொரு சக்கரத்திலும் சில கிலோ கூடும், அதுவும் ஸ்பிரிங்குக்கு மேலே உட்காரும் எடை இல்லை, கீழே சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கிற எடை. பட்டியலில் இதற்கு ‘வில்தாங்கா நிறை’ என்று இருக்கிறது. ‘கீழெடை’ என்றால் பட்டறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிறை வேறு, எடை வேறு என்பது முக்கியம்தான், பாடநூலில் ‘கீழ்நிறை’ என்று எழுதிக்கொள்ளட்டும்.

சரி, கீழெடை கூடினால் என்ன ஆகும்? கம்பெனியில் வந்த ஷாக்கப்சர் பழைய எடைக்குக் கணக்குப் பண்ணி வைத்தது. அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் மலைக்கிராமங்களுக்குப் போகிற கல் பாதையில் ஏற்றினால் சக்கரம் கல்லில் ஏறி இறங்கியதோடு அடங்காது, வண்டி தூக்கித் தூக்கிப் போடும். அந்தத் துள்ளலை அடக்குவது ஸ்பிரிங் இல்லை. அமுங்கின ஸ்பிரிங் உள்ளே வாங்கி வைத்த ஆற்றலைத் திருப்பித் தரத்தான் பார்க்கும். ஷாக்கப்சர் உள்ளே எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகத் தள்ளி அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றிக் கொல்கிறது.

‘மீள்’ இங்கேதான் இடிக்கிறது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் ‘மீள்விசை’, ‘மீட்சி’ என்று வருவதெல்லாம் ஸ்பிரிங்கின் குணம். ‘மீள்தடை போதவில்லை’ என்று படிக்கிறவன் ஸ்பிரிங்கைத்தான் சந்தேகப்படுவான், இன்னும் கடினமான ஸ்பிரிங் வாங்கிப் போடுவான். அது முன்னைவிட வேகமாகத் திருப்பித் தள்ளும், அதே ஷாக்கப்சரால் பிடிக்க முடியாது, துள்ளல் கூடும். உயரம் ஏற்றுகிற கிட் மாட்டிய பல வண்டிகளில் இதைத்தான் பார்க்கிறேன். ‘தடை’ மட்டும் அப்படியே இருக்கட்டும், ‘தடையுறு அலைவு’ என்று பாடத்திலேயே இருக்கிறது.

இழையில் பாலக்கோட்டு நண்பர் ஒருவர் ரீபவுண்டுக்கு ‘எழும்புதடை’ என்கிறார். அவர் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரிகிறது. எங்கள் பட்டறைப் பெரியவர் பம்பரில் ஏறி நின்று, உடம்பு பாரத்தையெல்லாம் வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுச் சட்டென்று இறங்குவார். முன்பக்கம் ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டால் சரி, மறுபடி அமுங்கி எழும்பினால் ஷாக்கப்சரைக் கழற்றச் சொல்வார். அங்கே எழும்புவது வண்டி. ஆனால் சக்கரம் பள்ளத்தில் விழும்போது வண்டி அப்படியே இருக்கும், சக்கரம் கீழே இறங்கும், அப்போதும் வேலை செய்வது இதே ரீபவுண்ட்தான். வண்டி எழும்பினாலும் சக்கரம் இறங்கினாலும் ஷாக்கப்சர் நீள்கிறது, விரிகிறது. அதனால்தான் ‘விரிதடை’ என்கிறேன். ஷாக்கப்சர் அமுங்கும்போது வரும் எதிர்ப்பான கம்ப்ரெஷனுக்குச் ‘சுருங்குதடை’. இரண்டும் வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு மாதிரி, நடுவில் ஒற்று போட்டு ‘விரித்தடை’ ஆக்கிவிடாதீர்கள்.

சொல் சரியாக இருந்தால் அடுத்த பிரச்சினையையும் அதை வைத்தே சொல்ல முடிகிறது. துள்ளுகிறதே என்று, திருகி மாற்றக்கூடிய ஷாக்கப்சரில் விரிதடையை அளவுக்கு மேல் கூட்டிவைத்தால், வரிவரியாக மேடுபள்ளம் உள்ள மண் பாதையில் ஷாக்கப்சர் முழுசாக விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஒவ்வொரு மேட்டுக்கும் இன்னும் கொஞ்சம் சுருங்கி, கடைசியில் அசைய இடமே இல்லாமல், அமுங்குவதன் எல்லையில் வைத்திருக்கும் ரப்பரில் போய் முட்டும். ஓட்டுகிறவருக்கு ஸ்பிரிங் இரும்பாகிவிட்டது போலத் தோன்றும். விரிதடையை ஒரு படி தளர்த்தி, அதே பாதையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். இதையே ‘மீள்தடை’ போட்டு எழுதிப் பாருங்கள், எது விரிகிறது, எது தள்ளுகிறது என்று படிக்கிறவருக்குப் பிடிபடாது.

ஆட்சேபம் இருந்தால் வண்டியில் எங்கே பொருந்தவில்லை என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அப்புறம், அந்த முட்டுகிற ரப்பருக்கு யாரோ ‘இடிதாங்கி’ என்று போட்டிருக்கிறார்கள். கட்டட உச்சியில் மின்னலுக்காக வைக்கும் கம்பிக்கு அந்தப் பெயர் என்றைக்கோ போய்விட்டது. ‘முட்டுரப்பர்’ என்று மாற்றலாம்.