நகராட்சி கோல்ஃப் மைதானம்: 9 குழியாகச் சுருக்கினால் பிழைக்குமா?

கேள்வி: எங்கள் நகராட்சியின் 18 குழி மைதானம் வருஷா வருஷம் நஷ்டம். நேற்று 7ஆவது குழிக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து, ஷூ முழுக்கச் சேறு. பாதியை மூடினால் செலவும் பாதியாகுமா?

பதில்: ஆகாது. நான் அங்கே புல் வெட்டும் வேலையில் இருந்தவன். கிரீன், அதாவது பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள பகுதியின் புல்லைச் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு, அநேகமாகத் தினமும் வெட்ட வேண்டும். அந்த வேலை குறையும், சரி. பம்பு, மெஷின், கொட்டகை, கவுண்டர் ஆள் எல்லாம் அப்படியேதான் இருக்கும். 18 குழி ஆடுகிறவர்கள்தான் வேறு இடம் பார்த்துப் போவார்கள்.

இன்னொருவர்: தனியாருக்குக் குத்தகை விடலாமே?

பதில்: விடலாம். குழாய் மாற்றுவது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், அப்புறம் நகராட்சி தலையில்தான் விழும்.

கேள்வி கேட்டவர்: அந்தக் குழாய் ஏற்கெனவே 3 முறை ஒட்டுப் போட்டது! கூட்டத்தில் முதலில் அதைத்தான் கேட்கப் போகிறேன்.