எசேக்கியேல் 26: தீரு நகரத்தின் மேல் சொன்ன தீர்ப்பு எப்படி நிறைவேறியது?

வேதமாணவன்:

வேதபாட வகுப்புக்கு எசேக்கியேல் 26-ஆம் அதிகாரத்தைத் தயாரிக்கிறேன். துண்டுப்பிரதிகளில் வருகிற விளக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தீருவின் கரையோரப் பட்டணத்தை அழித்தான், அலெக்சாந்தர் அந்த இடிபாடுகளைக் கடலில் கொட்டி எதிரேயிருந்த தீவுநகரைப் பிடித்தான், இன்று அது வலை காயப்போடும் வெறும் பாறை. ஆனால் மூன்று இடங்களில் இடிக்கிறது. 26:7 நேபுகாத்நேச்சாரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 29:18 அவனுக்குத் தீருவில் கூலி கிடைக்கவில்லை என்கிறது. 26:14 நகரம் இனிக் கட்டப்படாது என்கிறது. லெபனானில் சூர் என்ற பெயரில் அது இன்றும் மக்கள் வாழும் நகரம். அப்போஸ்தலர் 21-இல் பவுல் அங்கே ஏழு நாள் சீஷர்களோடு தங்குகிறார். வகுப்பில் இதை யாராவது கேட்டால் நேர்மையாக என்ன சொல்வது?

பழைய_ஏடு:

முதலில் தேதிகளைப் பலகையில் எழுதுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். 26-ஆம் அதிகாரம் யூதாவின் ராஜா யோயாக்கீன் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட சிறையிருப்பின் 11-ஆம் வருஷம், அதாவது கி.மு. 587/586. எருசலேம் விழுந்ததைப் பார்த்து தீரு மகிழ்ந்ததுதான் குற்றச்சாட்டு (26:2). அதன்பின் முற்றுகை 13 ஆண்டுகள் நீடித்தது என்று தீரு நகரத்து ஏடுகளை ஆதாரம் காட்டி முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். 29:17 சிறையிருப்பின் 27-ஆம் வருஷம், கி.மு. 571. புத்தகத்திலேயே கடைசித் தேதி இதுதான். முற்றுகை முடிந்த கையோடு எழுதப்பட்ட வசனம் என்று பொருள்.

29:18-இன் விவரம் கவனிக்கத்தக்கது: சிப்பாய்களின் தலை மொட்டையாயிற்று, தோள்பட்டை உரிந்துபோயிற்று. பதின்மூன்று வருஷம் மண்ணும் கல்லும் சுமந்த கூட்டத்துக்குக் கொள்ளைப்பொருள் கிடைக்கவில்லை. பதிலுக்கு எகிப்து தரப்படும் என்று 29:19 சொல்கிறது. அதற்காக முற்றுகை தோற்றது என்று சொல்லிவிடாதீர்கள். பிறகு தீருவை ஆள வேண்டிய மெர்பாலையும் அவன் தம்பி ஈராமையும் பாபிலோனிலிருந்து வரவழைத்தார்கள் என்று அதே யோசேப்பஸ் எழுதுகிறார். அரச குடும்பம் பாபிலோனின் பிடியில் இருந்தது. தீரு பணிந்தது, ஆனால் சூறையாடப்படவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கடல்வழி:

அலெக்சாந்தர் பகுதியில் துண்டுப்பிரதிகள் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் அவசரமாகச் சொல்கின்றன. கி.மு. 332, ஏழு மாத முற்றுகை. கரைக்கும் தீவுக்கும் இடையே ஏறத்தாழ 800 மீட்டர் கடல். பழைய கரைப்பட்டணத்தின் கற்களையும் லெபனான் மரங்களையும் கொட்டி அணை எழுப்பினார்கள். கரைப்பக்கம் ஆழம் குறைவு என்பதால் வேலை ஓடியது. தீவை நெருங்க நெருங்க ஆழமும் எதிர்ப்பும் கூடின. தீருவார் குதிரைகளை ஏற்றிச் செல்லும் ஒரு கப்பலில் சுள்ளி, கீல், கந்தகம் நிரப்பி, பின்பக்கத்தில் பாரம் ஏற்றினார்கள். பின்பக்கம் தாழ்ந்ததால் முன்பக்கம் எழும்பி அணைமேல் ஏறி உட்கார்ந்தது, கோபுரங்கள் எரிந்தன. அலெக்சாந்தர் அணையை அகலப்படுத்தித் திரும்பக் கட்டினார். ஆனாலும் மதில் உடைந்தது அணையால் அல்ல, கப்பல்களில் ஏற்றிய இடிகருவிகளால். அந்தக் கப்பல்களில் பல சீதோன், அர்வாத், சைப்ரஸ் ஆகிய இடங்களிலிருந்து வந்தவை.

கல்லும் மரமும் மண்ணும் கடல் நடுவே போடப்படும் என்ற 26:12-க்கு இது வியக்கும்படி பொருந்துகிறது. அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அங்கேயே நிறுத்துங்கள். 18 ஆண்டுகளுக்குள் அந்த நகரம் அலெக்சாந்தரின் தளபதிகளில் ஒருவரான ஆன்டிகோனஸை 15 மாதம் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு மீண்டுவிட்டது. 'மறுபடி கட்டப்படவே இல்லை' என்று வகுப்பில் சொன்னால் வரலாறு படித்த ஒருவர் அடுத்த நிமிடமே மறுப்பார். அணையைச் சுற்றி மணல் சேர்ந்து தீவு தீபகற்பமாகிவிட்டது. இன்றைய நகரம் அதன்மேல்தான் நிற்கிறது.

அலைகள்:

26:3-ஐ விட்டுவிடாதீர்கள். கடல் தன் அலைகளை எழும்பப்பண்ணுவதுபோல 'அநேகம் ஜாதிகள்' வரும் என்பதுதான் அதிகாரத்தின் சட்டகம். 7 முதல் 11 வரை ஒருவன், 'அவன்', 12-இல் 'அவர்கள்'. நேபுகாத்நேச்சார் முதல் அலை, அலெக்சாந்தர் இன்னொன்று, கி.பி. 1291-இல் எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் மற்றொன்று. இந்த வாசிப்பு வசனத்துக்குள்ளிருந்தே வருகிறது, வெளியிலிருந்து திணித்ததல்ல.

பழைய_ஏடு:

அலைகள் சொல்வது இயல்பான வாசிப்புதான். வகுப்பில் அதற்கு இடம் கொடுங்கள். ஆனால் 'அவர்கள்' என்பது 7-ஆம் வசனத்துச் சேனையையே குறிக்கலாம். அந்த மாற்றம் ஒன்றின்மேல் 250 ஆண்டு இடைவெளியைத் தூக்கி வைப்பது கனமான சுமை. 1291 வரை நீட்டினால் இன்னொரு சிக்கல்: முடிவே இல்லாத கால அளவு கொடுத்தால் எந்தத் துறைமுக நகரத்துக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்திவிடும்.

ஏடும்_ஓடும்:

இதே அளவுகோலை மற்ற இடங்களிலும் வைத்துப் பாருங்கள். நாகூம் 3:8 நோ அம்மோன் (எகிப்தின் தீப்ஸ் நகரம்) விழுந்ததை நடந்துமுடிந்ததாகச் சொல்கிறது, அது கி.மு. 663. நாகூம் தீர்ப்புச் சொன்ன அசீரியத் தலைநகரம் நினிவே விழுந்தது 612. ஆகவே இந்த வாக்கு விழுமுன் சொன்னதானால் இந்த 50 ஆண்டுக்குள் வரவேண்டும். நினிவே தலைநகரமாக மறுபடி எழும்பவே இல்லை என்பதால் நாகூமின் மையச் செய்தி உறுதியாக நிற்கிறது. ஆனால் ஆறுகளின் மதகுகள் திறக்கப்படும் என்ற 2:6-க்கு ஆதாரமாக 'வெள்ளம் மதிலைத் தள்ளியது' என்று சொல்வது கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸின் கதையை நம்பி. அவர் நினிவேயை ஐப்பிராத்துக் கரையில் வைக்கிறார், நகரம் இருந்ததோ டைகிரிஸ் கரையில்! பாபிலோனிய நாளாகமம் மூன்று மாத முற்றுகையைச் சொல்கிறது; வெள்ளத்தைச் சொல்லவில்லை.

பாபிலோன் இதற்கு நேர்மாறு. கி.மு. 539-இல் டைகிரிஸ் கரையிலிருந்த ஓப்பிஸில் சண்டை நடந்தது. பாபிலோனுக்குள் பெர்சிய ராஜா கோரேசின் படை போரில்லாமல் நுழைந்தது. ஏசாயா 13 வர்ணிக்கிற சங்காரம் அன்றைக்கு நடக்கவில்லை. நகரம் பல நூற்றாண்டுகளாகத் தேய்ந்து தேய்ந்துதான் பாழானது. 'ஒரே இரவில் நிறைவேறியது' என்று சொன்னால் தவறு, 'கடைசியில் பாழானது' என்று சொன்னால் சரி.

இன்னொன்று. சிலர் ஒவ்வொரு சொற்றொடருக்கும் நிகழ்தகவு போட்டுப் பெருக்கி, கோடியில் ஒன்று என்று காட்டுவார்கள். மதில் இடிவது, வீடு அழிவது, கொள்ளை போவது எல்லாம் ஒரே முற்றுகையின் விளைவுகள். தனித்தனி நிகழ்ச்சிகள்போல அவற்றைப் பெருக்கக்கூடாது.

வேதமாணவன்:

மிக்க நன்றி. எரேமியா 18:7-10-ஐக் காட்டி, 'மனந்திரும்பினால் தீர்ப்பு மாறும்' என்று தீருவுக்கும் சொல்லலாமா? 29:11-இல் எகிப்து நாற்பது வருஷம் பாழாகும் என்பதையும் கேட்பார்கள்.

ஏடும்_ஓடும்:

நினிவேக்கு யோனா 3-இல் உபவாசம் உண்டு. எருசலேம் பாழாகும் என்ற மீகா 3:12-க்கு எரேமியா 26:18-19-இல் எசேக்கியாவின் பயம் உண்டு. தீரு மனந்திரும்பியதாக எசேக்கியேலில் ஒரு வரியும் இல்லை. ஆகவே அந்த விதியை இங்கே சாத்தியமாக வையுங்கள், சான்றாக வைக்காதீர்கள்.

எகிப்துக்கு: நேபுகாத்நேச்சாரின் 37-ஆம் வருஷத்தில், கி.மு. 568/567-இல், எகிப்துக்கு எதிரான படையெடுப்பைக் குறிக்கும் உடைந்த களிமண் பலகை ஒன்று உண்டு. 29:19-க்கு அதுவரை ஆதாரம் சொல்லலாம். நாற்பது வருஷப் பாழ்நிலைக்கு அது போதாது, ஏனென்றால் அதே காலத்தில் பார்வோன் அமாசிஸ் கி.மு. 526 வரை எகிப்தில் செழிப்பாக ஆண்டார். 29:11-ஐ வரலாற்றுச் சான்றுப் பட்டியலில் சேர்க்காமல், தீர்ப்பின் அளவைச் சொல்லும் தீர்க்கதரிசன நடையாக விளக்குங்கள். தயாரிப்புத் தாளில் ஒவ்வொரு வசனத்துக்கும் நான்கு கட்டம் போடுங்கள்: சொன்ன தேதி, யாருக்கு, நடந்தது என்ன, அதைச் சொல்லும் வேதத்துக்கு வெளியேயுள்ள ஆதாரம். நான்காவது கட்டம் காலியாக இருந்தால் காலியாகவே காட்டுங்கள்.