ஊரடங்குக் கையிருப்பு: குக்கரில் அடைத்த சீசாவா, வத்தலும் ஊறுகாயுமா?
(புனைபெயர்களில் நால்வர் நடத்திய விவாதம்)

விசில்கணக்கு
கொரோனா பரவியபோது, 2020 ஏப்ரல் 24 அன்று சென்னை, மதுரை, கோவைக்கு முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். 26 முதல் நான்கு நாளைக்கு மளிகைக் கடைகூடக் கிடையாது. இடையில் இருந்த 25-ம் தேதி கடைத்தெருக்களில் சேர்ந்த கூட்டம் நோயைப் பரப்பத்தான் உதவியது. மே 5 அன்று கோயம்பேடு சந்தையையே மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். 2021 மே 24-லும் இதே கதை. வண்டியில் வரும் காய்தான் கதி.

ஆகவே என் யோசனை: விலை மலிவாக இருக்கும்போது பீன்ஸ், கேரட், பட்டாணியை அரை லிட்டர் கண்ணாடிச் சீசாவில் அடைத்து, 10 லிட்டர் குக்கரில் 20 நிமிடம் வேகவைத்து மூடி வைக்கலாம். சாம்பாரையும் அப்படியே. வத்தலும் ஊறுகாயும் உப்புக் கிடங்கு. பிரஷர் உள்ளவர் இருக்கும் வீட்டில் அதை வைத்து என்ன செய்வது?

கல்லுப்பு
பிரச்சினையைச் சரியாகச் சொன்னீர்கள் சார், தீர்வுதான் ஆபத்து. மண்ணில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து (ஸ்போர்) 100 டிகிரி கொதியைத் தாங்கும். காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சு கக்கும். அடைத்த பீன்ஸ் சீசா அதற்கென்றே கட்டிய வீடு. புளிப்பை அளக்கும் எண்ணான பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளராது. பீன்ஸும் பட்டாணியும் 5-க்கு மேல்.

ஊறுகாயில் உப்பும் புளிப்பும் காவல். வத்தலில் ஈரமே இல்லை. உங்கள் சீசாவில் காவல் எது?

விசில்கணக்கு
சூடுதான் காவல். 121 டிகிரியில் மூன்று நிமிடம் போதும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நம் குக்கர் குண்டு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தருகிறது, அது கிட்டத்தட்ட 120 டிகிரி. நான் 20 நிமிடம் வைக்கச் சொல்கிறேன். இன்னும் என்ன வேண்டும்?

கல்லுப்பு
அந்த மூன்று நிமிடம் குக்கருக்கு இல்லை, சீசாவின் நட்டநடுவில் கடைசியாகச் சூடேறும் புள்ளிக்கு. தண்ணீரில் மிதக்கும் பீன்ஸுக்குள் சூடு சுழன்று சீக்கிரம் போகும். கெட்டிச் சாம்பாரில் சூடு ஊர்ந்துதான் போகும். அரை லிட்டர் பீன்ஸுக்கு 20 நிமிடம் என்று சோதித்த நேரம் உண்டு, ஆனால் அது சீசா அடைப்பதற்கென்றே செய்த பெரிய பிரஷர் பாத்திரத்துக்கு (கேனர்). அது மெல்லச் சூடேறி மெல்ல ஆறும். அந்த நேரமும் கணக்கில் சேர்த்தி. நம் குக்கர் சட்டென்று ஏறி சட்டென்று இறங்கும். பருப்பும் புளியும் காயும் கலந்த நம் வீட்டுச் சாம்பாருக்கோ நம்பிச் செய்ய ஒரு நேரமே கிடையாது.

இன்னும் இருக்கிறது. குண்டு போடுவதற்கு முன் 10 நிமிடம் ஆவியை விட்டு உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினால் அழுத்தம் சரியாக இருந்தும் சூடு குறைவாக இருக்கும். அவசரப்பட்டுக் குண்டைத் தூக்கினால் சீசாவுக்குள் இருக்கும் நீர் பீறிட்டு வெளியே வரும், மூடியின் விளிம்பில் காய்த்துணுக்கு ஒட்டும், அடைப்பு நிற்காது. பழைய ஜாம் சீசா இந்தச் சூட்டுக்குச் செய்ததில்லை, அடி விட்டுப்போகும். அதன் மூடியில் உள்ள ரப்பர்ப் பூச்சும் ஒருமுறைக்குத்தான்.

மொட்டைமாடி
சாப்பிடும் முன் கொதிக்க வைக்கத்தானே போகிறோம்? 10 நிமிடம் கொதித்தால் நஞ்சு அழிந்துவிடும் என்கிறார்களே. கெட்டிருந்தால் மோந்து பார்த்தாலே தெரிந்துவிடாதா?

கல்லுப்பு
நஞ்சு அழியும், உண்மை. ஆனால் சீசாவைத் திறந்ததும் கரண்டியை நக்கி உப்புப் பார்க்கும் கை எத்தனை! மோப்பத்தை நம்பவே வேண்டாம். அந்தக் கிருமி வளர்ந்த எல்லா உணவும் நாறாது. அதிலும் கொரோனாவின் முதல் அலைகளில் பலருக்கு மோப்பமே போனது. அப்படி மோப்பம் போனவருக்குப் புளித்த மாவும் தெரியாது, கேஸ் கசிவும் தெரியாது. அந்த வீட்டில் தேதி எழுதிய சீட்டுதான் மூக்கு.

எண்ணெயும் இதே கதைதான். பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து வெளியே வைப்பது, எண்ணெய் ஊற்றிய இஞ்சிப்பூண்டு விழுதை அலமாரியில் வைப்பது இரண்டும் கூடாது. எண்ணெய் காற்றை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. பூண்டு ஊறுகாய் நிற்பது அதில் உள்ள புளி, எலுமிச்சை, உப்பின் தயவில்.

விசில்கணக்கு
சரி, பீன்ஸை விடுங்கள். தக்காளி?

கல்லுப்பு
நசுக்கிக் கொதிக்கவைத்த தக்காளி தாராளமாக. ஆனால் அது 4.6-க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், பழத்துக்குப் பழம் மாறும். அரை லிட்டருக்குக் கால் டீஸ்பூன் சிட்ரிக் அமிலம் சேருங்கள். மேலே அரை அங்குலம் இடம் விட்டு, அதற்கென்று விற்கும் சீசாவில் சூடாக நிரப்பி மூடி, சீசா மூழ்கத் தண்ணீர் விட்டு, கொதி வந்த பிறகு சென்னை, மதுரையில் 35 நிமிடம். ஊட்டியில் 50 நிமிடம்; அங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெங்காயம், மிளகாய், கேரட் என்று இஷ்டத்துக்கு வெட்டிப் போட்டால் இந்தக் கணக்கு செல்லாது. தொக்காகச் சுண்டவைத்தால் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மொட்டைமாடி
உப்பு வாதத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. வத்தலுக்கு உப்பு கட்டாயம் இல்லை. முதல் நாள் ஈரத்தில் புளித்துப்போகாமல் காப்பதும் ருசியும்தான் அதன் வேலை. நீண்ட நாள் காப்பது நன்றாகக் காய்வதுதான். கொத்தவரங்காயைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, வடித்து, வெள்ளைத் துணியில் ஒற்றை வரிசையாகப் பரப்பினால் உப்பில்லாமலே காயும். ஒரு கிலோவுக்கு 200 கிராம் தேறும். பொரிக்கவும் வேண்டாம், ஊறவைத்துக் குழம்பில் போடலாம். முருங்கைக்கீரையை நிழலில் காயவைத்தால் உப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை.

கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: தடித்த துண்டு. உச்சி வெயிலில் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் தங்கும், டப்பாவில் பத்து நாளில் பூஞ்சை. ஒடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். ஆறியபின் கண்ணாடிச் சீசாவில் போட்டு ஒரு நாள் மூடி வையுங்கள். உள்பக்கம் வியர்த்தால் மறுபடி வெயில்.

விசில்கணக்கு
பங்குனி, சித்திரையில் சரி. ஐப்பசி அடைமழையில் கொரோனா அலை வந்தால் வெயிலுக்கு எங்கே போவது? மாவடுவும் அப்போது கிடைக்காது.

மொட்டைமாடி
மாவடுவைப் பங்குனியிலேயே போட வேண்டும், ஐப்பசியில் சாப்பிட வேண்டும். ஒரு கிலோவுக்குக் கல்லுப்பு 150 முதல் 200 கிராம், இரண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய், கடுகுப்பொடி, மஞ்சள், மிளகாய்ப்பொடி. உப்பை எடை போட்டுப் போடுங்கள். ஒரு டம்ளர் கல்லுப்பும் ஒரு டம்ளர் தூள் உப்பும் ஒரே எடை இல்லை. காம்பைக் கொஞ்சம் விட்டு நறுக்குங்கள், மொத்தமாகப் பிய்த்தால் அந்த இடம்தான் முதலில் அழுகும். தினம் குலுக்குங்கள். வடு தன் நீரிலேயே மூழ்கி இருக்க வேண்டும். மிதந்தால் வெள்ளைப் படலம் வரும்.

பரண்பெட்டி
மூன்று பேரும் சமையல் போட்டி நடத்துகிறீர்கள். பெருந்தொற்றில் அறுந்தது என்ன? கரண்ட் வந்தது, குழாய்த் தண்ணீர் வந்தது, ரேஷன் அரிசியும் கிடைத்தது. அறுந்தது கடைக்குப் போகும் வழி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குச் செய்யும் ஏற்பாடு வேறு, இது வேறு. ஃப்ரிட்ஜ் ஓடும் வீட்டில் பீன்ஸை இரண்டு மூன்று நிமிடம் கொதிநீரில் போட்டு, ஐஸ் தண்ணீரில் ஆற்றி, துடைத்து ஃப்ரீஸரில் வைத்தால் முடிந்தது. வெயிலும் வேண்டாம், குக்கரும் வேண்டாம்.

நான்கு பேருக்கு இரண்டு வாரம் என்றால் அரிசி 20 கிலோ, பருப்பு 3 கிலோ, எண்ணெய் 2 லிட்டர், நிரம்பிய மாற்று சிலிண்டர், பிரஷர், சர்க்கரை மாத்திரை ஒரு மாதத்துக்கு. அதற்கு மேல் வாங்குவது பதுக்கல். அடுத்த வீட்டுக்காரர் வெறும் பையோடு திரும்புவார்.

விசில்கணக்கு
அந்தக் கையிருப்பில் வண்டு விழுந்தால்?

பரண்பெட்டி
துவரம்பருப்பு கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் பிசறி, வெயிலில் காட்டி, காற்றுப்புகாத டப்பா. ரவையை வாங்கியதும் நான்கு நாள் ஃப்ரீஸரில் வைத்தால் முட்டை சாகும். வெளியே எடுத்து, குளிர் போன பிறகே பையைத் திறங்கள், இல்லையென்றால் வியர்த்துக் கட்டி தட்டும். புது மூட்டையைப் பின்னால் தள்ளி, பழசை முன்னால் வையுங்கள்.

நீங்கள் யாரும் பேசாத ஒன்று: வீட்டில் சமைப்பவரே காய்ச்சலில் படுத்தால்? அப்போது மாவடுவும் உதவாது, அடைத்த சாம்பாரும் உதவாது. அவல், வறுத்த ரவை, சத்துமாவு, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பத்து வயதுப் பிள்ளை வெந்நீர் ஊற்றிக் கலக்கித் தரும்படி இருக்க வேண்டும், அளவு டப்பாவின் மேலேயே எழுதி இருக்க வேண்டும்.

கல்லுப்பு
புளிக்காய்ச்சலில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை சுண்டவையுங்கள். பாதியில் இறக்கினால் ஒரு வாரத்தில் பூக்கும்.

விசில்கணக்கு
பீன்ஸுக்கு ஃப்ரீஸர், தக்காளிக்கு சீசா. சாம்பாரை விட்டுவிடுகிறேன். ஆனால் கரண்ட் போனால் ஃப்ரீஸர் எத்தனை நேரம் தாங்கும்?

பரண்பெட்டி
திறக்காமல் விட்டால், நிறைந்த தனி ஃப்ரீஸர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். ஃப்ரீஸர் அல்லாத சாதா ஃப்ரிட்ஜ் அறை நான்கு மணி நேரம்தான். இடம் காலியாக இருந்தால் தண்ணீர் பாட்டிலை முக்கால் நிரப்பி உறைய வையுங்கள்.