மறு: ஊரில் காய்ச்சல் / புகை மருந்து மெஷின் வசூல்

அனைவருக்கும் வணக்கம்.

ஊரில் காய்ச்சல் பரவுவதால், வெளியூரில் இருக்கிற நம் சங்கத்தார் பணம் போட்டுக் கொசுவுக்குப் புகை மருந்து அடிக்கும் மெஷின் வாங்கிக் கொடுக்கலாம் என்று குவைத் அண்ணன் ஆரம்பித்த பேச்சு, தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போடும் வரை வந்துவிட்டது. யாரும் பணம் அனுப்பும் முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். நான் டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவன். அந்த அளவுக்குத்தான் என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் இப்போது வருவதெல்லாம் கொசுக் காய்ச்சல் இல்லை. மழை ஓய்ந்து பனி இறங்கும் இந்த மாதங்களில் வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை பக்கம் ஸ்க்ரப் டைஃபஸ் வருஷா வருஷம் தலைதூக்கும். பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிறார்களே, அதுதான். 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. மாட்டு உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதர், வரப்பு, விறகுக் குவியல் ஓரங்களில் இருக்கும் ஒரு சின்னப் பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. வெறும் கண்ணுக்கு அது எளிதில் தெரியாது. எலி, பெருச்சாளி, மூஞ்சூறு மேல் ஏறிப் பிழைக்கும். நாம் குறுக்கே போனால் நம் மேல் ஏறும். தாய்ப் பூச்சியின் முட்டை வழியாகவே கிருமி அடுத்த தலைமுறைக்குப் போய்விடுவதால் எலிக்கு மருந்து வைத்து மட்டும் இதை ஒழிக்க முடியாது. புகை மருந்து பறக்கிற கொசுவுக்கு. புல்லடியிலும் மண்ணிலும் கிடக்கும் பூச்சிக்கு அந்தப் புகையால் ஒன்றும் ஆகாது. மெஷின் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம், அண்ணன் தப்பாக நினைக்கக் கூடாது.

உண்மையாகவே உண்ணி கடித்து வரும் காய்ச்சலும் நம் பக்கம் உண்டு. நாய் மேல் இருக்கும் பழுப்பு உண்ணி பரப்புவது. ரிக்கெட்சியா என்ற பாக்டீரியா. காய்ச்சல் தொடங்கிச் சில நாளில் உடம்பில் சிவப்புத் தடிப்பு வரும், உள்ளங்கை, உள்ளங்கால் வரைக்கும் பரவும். அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டிக் காத்திருக்கிற வீடுகள் இருக்கின்றன, அந்தக் காத்திருப்புதான் ஆபத்து. நாயிடமிருந்து பிடுங்கிய உண்ணியை நகத்தில் வைத்து நசுக்குவது நம் ஊரில் எல்லாருக்கும் பழக்கம். அதை விடச் சொல்லுங்கள், கிருமி கையில் படும். நம் மேல் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்தால் போதும்.

இனி, வெளியூரில் இருக்கிற நம்மால் போனில் செய்யக்கூடியது. அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் நாம் என்ன கேட்கிறோம்? எவ்வளவு டிகிரி, சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா. இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு இருக்கிறதா?

ஸ்க்ரப் டைஃபஸில் பூச்சி கடித்த இடம் சிகரெட்டால் சுட்ட மாதிரி இருக்கும். நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்கவும் அரிக்காது. அதனால் நோயாளிக்கே அது இருப்பது தெரியாது. பூச்சி காலில் ஏறி, துணி இறுக்கமாக இருக்கிற இடத்தில் தங்கும். அரைஞாண் கயிறு இருக்கும் இடம், பாவாடை நாடா கட்டும் இடம், அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால். அதன் பக்கத்திலேயே நெறி கட்டியிருக்கும். இதெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் டாக்டரிடம் காட்டுகிற இடங்களா? புடவையைத் தளர்த்தச் சொல்ல டாக்டருக்கும் தயக்கம், நேரமும் இல்லை. வீட்டிலேயே மகளோ மருமகளோ நல்ல வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தால் முடிந்துவிடும் வேலை. ஆனால் பொருக்கு எல்லாருக்கும் வருவதில்லை. இல்லை என்பதால் இந்தக் காய்ச்சல் இல்லை என்று ஆகிவிடாது.

டொரான்டோ அக்கா தன் மாமியாருக்கு 'டைபாய்டு ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை' என்று எழுதியிருந்தார். இது நான் அடிக்கடி கேட்கும் கதை. சின்ன லேப்களில் வைடால் என்ற டைபாய்டு ரத்தப் பரிசோதனை பார்த்து பாசிட்டிவ் என்று எழுதிவிடுகிறார்கள், செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி ஏறுகிறது. ஸ்க்ரப் டைஃபஸ் கிருமி ரத்தக் குழாய்ச் சுவரின் செல்லுக்குள் புகுந்து வாழ்வது, அந்த ஊசி அதை ஒன்றும் செய்யாது. ரத்தத்தில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) இறங்குவதால் டெங்கு என்று நினைக்கவும் இடம் உண்டு. ஸ்க்ரப் டைஃபஸைக் கண்டுபிடிக்க ஐஜிஎம் எலைசா என்ற ரத்தப் பரிசோதனை நல்லதுதான், ஆனால் முதல் சில நாட்களில் எடுத்தால் நெகட்டிவ் காட்டலாம். வெயில்–ஃபீலிக்ஸ் என்ற பழைய ரத்தப் பரிசோதனை இன்னும் மோசம், உண்மையான நோயாளிகள் பலரை விட்டுவிடும்.

இந்தக் காய்ச்சலுக்கு மருந்து டாக்ஸிசைக்ளின். விலை குறைந்த பழைய மருந்து, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருவார்கள். சந்தேகம் இருந்தாலே ரிசல்ட்டுக்குக் காத்திராமல் தொடங்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்களுக்கான வழிகாட்டல். சரியான நோய்க்குச் சரியான மருந்து போனால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பாதிக்கும். அந்த நிலைக்குப் போனவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் போட வேண்டாம். 'டாக்டர், ஸ்க்ரப் டைஃபஸாக இருக்குமா?' என்று கேட்கச் சொல்லுங்கள். நான்கு நாள் தாண்டிய காய்ச்சலுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நோயாளியைத் தொட்டால் ஒட்டாது, தனியாகப் படுக்க வைக்க வேண்டியதில்லை.

நியூஜெர்சி தம்பி, அங்கே உண்ணி கடித்து வரும் லைம் நோய்க்கான டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். உங்கள் ஊர் மான் உண்ணி வேறு, அதன் கிருமி வேறு. அங்கே அது பெரிய பிரச்சினைதான், நம் ஊர்க் காய்ச்சலுக்கு அந்த டெஸ்ட் வீண் செலவு. ஆனால் இதன் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். கடித்த பிறகு காய்ச்சல் வருவதற்கு ஏறக்குறைய 6 முதல் 21 நாள் வரை ஆகும். அதற்குள் நீங்கள் திரும்பி வந்து ஆபீசில் உட்கார்ந்திருப்பீர்கள். அங்கே மலேரியா, டெங்கு, கொரோனா எல்லாம் பார்த்துவிட்டு வைரஸ் காய்ச்சல் என்று அனுப்பிவிடுவார்கள், ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளியைப் பார்த்தே இராத டாக்டர்கள் அங்கே நிறைய. தமிழ்நாட்டுக் கிராமத்தில் இருந்தேன், வயலில் நடந்தேன் என்று நீங்களே சொல்லி, நோயின் பெயரையும் சொல்லுங்கள். ஊரில் இருக்கும்போது பிள்ளைகளைக் களத்துமேட்டுப் புல்லில் படுத்து உருள விடாதீர்கள், துணியை வேலிச் செடி மேல் காயப்போட வேண்டாம், வயலுக்குப் போய் வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துத் துணியை மாற்றுங்கள்.

வசூல் பணத்துக்கு என் யோசனை: பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மண்டிக்கிடக்கும் புதரை ஆள் வைத்து வெட்டலாம். சுகாதார நிலையத்துக்குப் போய்வர வண்டி இல்லாத பெரியவர்களுக்கு ஆட்டோ செலவைச் சங்கம் ஏற்கலாம். கறுத்த பொருக்கின் படம் போட்ட ஒரு பெரிய பலகையை ரேஷன் கடை முன்னால் வைக்கலாம். படத்தை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. செயலாளர் சித்தப்பா, மெஷினுக்கான ஓட்டெடுப்பை ஞாயிற்றுக்கிழமை ஜூம் கூட்டம் முடியும் வரை தள்ளிவைக்க முடியுமா?