சட்டசபைக்குள்ளேயே தோற்றுப்போன மாநில மசோதா ஏதாவது இருக்கிறதா?

திண்டுக்கல்_பரணி:

குரூப் ஒன்னுக்குப் படிக்கிறேன். மசோதா எப்படிச் சட்டமாகிறது என்று எல்லாப் புத்தகத்திலும் பக்கம் பக்கமாக இருக்கிறது. அது எப்படிச் சாகிறது என்று ஒருத்தரும் சொல்லக் காணோம். நம்ம சட்டமன்றத்தில் பேரவைத் தலைவர் "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று ஆரம்பித்தால் மூச்சு விடுவதற்குள் நிறைவேறிவிடுகிறது, கூட்டத்தொடரின் கடைசி நாளில் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். ஆளுநர் கிடப்பில் போட்ட கதையைக் கேட்கவில்லை, 2025 ஏப்ரல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் அதைப் படித்தாயிற்று. சபைக்குள்ளேயே, உறுப்பினர்கள் கையாலேயே ஒரு மாநில மசோதா விழுந்திருக்கிறதா? 2023ல் வந்த 12 மணி நேர வேலை மசோதாவை அந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

ஓய்வுபெற்ற நிருபர்:

சேர்க்க முடியாது தம்பி. அது 2023 ஏப்ரல் 21 அன்று குரல் வாக்கெடுப்பில் ஜோராக நிறைவேறிய மசோதா. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள், தொழிற்சங்கங்கள் கிளம்பின, மூன்று நாளில் நிறுத்திவைப்பு, மே தினத்தன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் வைத்து முதல்வர் வாபஸ் என்று அறிவித்தார். வெளியே தோற்றது, சபையில் தோற்கவில்லை.

நம்ம ஊரில் அரசு கொண்டுவரும் மசோதா ஏன் விழுவதில்லை என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. 1985ல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவிக்கே ஆபத்து. அப்புறம் 1986 நவம்பரோடு மேலவையும் போய்விட்டது, இன்னொரு சபை பார்த்து நிறுத்தும் என்ற பேச்சுக்கே இடமில்லை. தோற்கும் என்று தெரிந்தால் எந்த அமைச்சரும் மசோதாவை மேசைக்குக் கொண்டுவரப் போவதில்லை. ஆகவே தேட வேண்டிய இடம் இரண்டுதான். ஒன்று, மேலவை இருக்கிற மாநிலங்கள். இரண்டாவது, அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா.

ஜெயநகர் நாலாவது பிளாக்:

நிருபர் ஐயா சொன்ன முதல் இடத்துக்கு உதாரணம் இங்கே பெங்களூரிலேயே நடந்தது. 2024 பிப்ரவரியில் கர்நாடக அரசு அறநிலையத் திருத்த மசோதா கொண்டுவந்தது. ஆண்டு வருமானம் ஒரு கோடிக்கு மேல் இருக்கும் கோயிலிடம் 10 சதவீதம், பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை 5 சதவீதம், அதைப் பொது நிதியில் போட்டு வருமானம் இல்லாத கோயில்களுக்கும் அர்ச்சகர்களுக்கும் செலவழிப்பது என்று ஏற்பாடு. சட்டசபையில் காங்கிரசுக்கு வேண்டிய பெரும்பான்மை இருந்தது, நிறைவேறிவிட்டது. 75 பேர் கொண்ட மேலவையில் பாஜகவும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் சேர்ந்தால் அப்போது எதிர்த்தரப்புதான் கனம். பிப்ரவரி 23 அன்று குரல் வாக்கெடுப்பிலேயே மசோதா விழுந்தது.

விழுந்ததே தவிர சாகவில்லை. ஒரு வாரத்துக்குள் சட்டசபையில் மறுபடியும் அதே மசோதாவை நிறைவேற்றினார்கள். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் அந்த ஒரு வாரம் பட்ட பாடு இருக்கிறதே, "மசோதா ஒழிந்தது" என்று லட்டு படம் போட்டவர்களும் அதற்கு எதிராகப் போட்டவர்களும், ஒருத்தராவது மேலவைக்கு எவ்வளவு அதிகாரம் என்று பார்த்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

எனக்கு இதைவிட உத்தரப் பிரதேச நசூல் நில மசோதாதான் பிடித்த கதை. 1857க்குப் பிறகு, எதிர்த்து நின்றவர்களிடமிருந்து வெள்ளைக்காரர்கள் பிடுங்கிய நிலங்கள், அப்புறம் அரசு சொத்தாகிக் குத்தகைக்கு விடப்பட்டவை, அவைதான் நசூல். அலகாபாத், லக்னோ, கான்பூரில் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். இனி அந்த நிலத்தைத் தனியாருக்குச் சொந்தமாக்கித் தர முடியாது என்று யோகி அரசு மசோதா போட்டது. 2024 ஜூலை 31 அன்று சட்டசபையில் நிறைவேறியது. ஆனால் அங்கேயே அலகாபாத்தைச் சேர்ந்த ஆளுங்கட்சி எம்எல்ஏக்கள் எழுந்து எதிர்த்துப் பேசினார்கள். வேறு கட்சி எம்எல்ஏவான ராஜா பையா, அலகாபாத் உயர்நீதிமன்றமே நசூல் நிலத்தில்தான் நிற்கிறது என்று எடுத்துப்போட்டார். மறுநாள் மேலவை. துணை முதல்வர் கேசவ் மௌரியா மசோதாவை வைக்கிறார், உடனே எழுந்து இதைத் தேர்வுக்குழுவுக்கு (மசோதாவை ஆராயும் உறுப்பினர் குழு) அனுப்புங்கள் என்று கேட்டவர் யார் தெரியுமா, அவர் கட்சியின் மாநிலத் தலைவர் பூபேந்திர சௌத்ரி. அனுப்பிவிட்டார்கள். எதிர்க்கட்சிக்கு வேலையே இல்லை. யாரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை, மசோதா மட்டும் ஓரத்துக்குப் போய்விட்டது.

வரலாறு டீச்சர், மதுரை:

நீங்கள் எல்லாரும் வடக்கேயும் மேற்கேயும் பார்க்கிறீர்கள், பரணி. இரண்டாவது வகைக்கு நம் சென்னை மாகாணத்திலேயே பெரிய சங்கதி இருக்கிறது.

1938. ராஜாஜி பிரதமர், அப்போது மாகாண முதல்வரை அப்படித்தான் சொல்வார்கள். 215 பேர் சபையில் காங்கிரசுக்கு 159. எம்.சி.ராஜா, ஒடுக்கப்பட்டோர் தரப்பிலிருந்து சென்னை சட்டமன்றத்துக்குள் முதலில் போனவர், கோயில் நுழைவுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவருகிறார். மாகாணம் முழுவதற்கும் பொருந்துகிற மாதிரி. கோயில் நுழைவுக்கு அத்தனை மேடையில் பேசிய கட்சிதானே ஆட்சியில் இருக்கிறது, தடையில்லாமல் போகும் என்றுதானே நினைப்போம்? மசோதாவைத் திரும்பப் பெறுங்கள், முதலில் மலபாருக்கு மட்டும் அரசே ஒரு மசோதா கொண்டுவருகிறது என்றார் ராஜாஜி. பக்கத்தில் திருவிதாங்கூரில் 1936லேயே மன்னர் பிரகடனம் வந்துவிட்டதால் அங்கே தொடங்குவது சுலபம், படிப்படியாகப் போகலாம் என்பது அவர் கணக்கு. ராஜா மறுத்துவிட்டார். வாக்கெடுப்புக்கு விட்டார்கள். மசோதா தோற்றது.

முன்பு ஆதரவு தருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் கைவிட்டுவிட்டார்கள் என்பது ராஜாவின் குறை. காந்திக்கு எழுதினார், காந்தி ராஜாஜியை நம்பும்படி பதில் போட்டார். இதே எம்.சி.ராஜாதான் 1932ல் அம்பேத்கரின் தனி வாக்காளர் தொகுதிக் கோரிக்கைக்கு எதிராக நின்று, எல்லாரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத் தொகுதியே போதும் என்று இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டவர். அப்படிக் கூட்டுத் தொகுதியில் ஜெயித்து வந்த காங்கிரஸ் ஹரிஜன உறுப்பினர்களும் கட்சிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள்தானே. கட்சித்தாவல் சட்டம் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்னால் நடந்தது இது, நிருபர் ஐயா கவனிக்க.

படிப்படியாக என்றது எங்கே போய் நின்றது என்றால், மலபார் சட்டத்தில் சாதி இந்து வாக்காளர்களின் சம்மதம் கேட்க வேண்டும் என்று ஒரு முடிச்சு இருந்தது. 1939 ஜூலை 8 அன்று இங்கே மதுரையில் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட தோழர்களோடு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போய்விட்டார். வழக்கு வந்துவிடும் என்று அவர்களுக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் பாதுகாப்பாக அரசு அவசர அவசரமாகச் சட்டம் போட்டது. மாகாணம் முழுக்கத் திறந்தது 1947ல்தான். ஒன்பது வருஷம். சாவகாசமாகப் போகலாம் என்பதை ராஜதந்திரம் என்று சொல்வார்கள், வாசலில் நின்றவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

முத்துலட்சுமி ரெட்டியையும் குறித்துக்கொள்ளுங்கள். தேவதாசியாகப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்க 1930ல், அப்போது ஒரே சபையாக இருந்த சென்னை சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. காந்தி கைதானதைக் கண்டித்து அவரே பதவியை விட்டுவிட்டார். அதுவும் சட்டமானது 1947ல்.

சட்டப்படி:

ஜெயநகர்காரர் சொன்னதில் ஒரு சட்ட நுணுக்கம் விட்டுப்போயிற்று, தேர்வுக்கு வேண்டுமே. அரசியலமைப்புச் சட்டம், பிரிவு 197. மேலவை நிராகரிக்கலாம், அல்லது மூன்று மாதம் சும்மா வைத்திருக்கலாம். சட்டசபை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் இந்தத் தடவை ஒரு மாதம்தான் தவணை, அதற்கு மேல் இரு சபையும் நிறைவேற்றியதாகவே கணக்கு. நாடாளுமன்றம் மாதிரி கூட்டுக் கூட்டமெல்லாம் மாநிலத்தில் கிடையாது. பண மசோதா என்றால் வெறும் 14 நாள்.

இதற்கு ஆந்திராவைப் பாருங்கள். மூன்று தலைநகர் மசோதா 2020 ஜனவரியில் மேலவைக்கு வந்தபோது தெலுங்கு தேசத்துக்கு அங்கே பெரும்பான்மை, அவைத்தலைவர் ஷரீப் தன் அதிகாரத்தைச் சொல்லித் தேர்வுக்குழுவுக்கு அனுப்பினார். அப்போதைய முதல்வர் ஜெகன் என்ன செய்தார்? ஐந்தே நாளில் மேலவையையே ஒழிக்கச் சட்டசபையில் தீர்மானம் போட்டார்! ஜூனில் மசோதாவை மறுபடி நிறைவேற்றினார்கள், மேலவை அதைத் தொடாமலே ஒத்திவைக்கப்பட்டது, ஒரு மாதம் ஓடியது, ஜூலை 31 ஆளுநர் கையெழுத்து. அடுத்த வருஷம் நவம்பரில் அந்தச் சட்டத்தை அவர்களே ரத்து செய்துவிட்டு, மேலவை ஒழிப்புத் தீர்மானத்தையும் வாபஸ் வாங்கினார்கள். இதற்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம்.

இன்னொன்று, ஆயுள் முடிந்து சாவது. சட்டசபை கலைந்தால் அங்கே நிலுவையில் இருப்பதும், அங்கே நிறைவேறி மேலவையில் கிடப்பதும் காலாவதி. மேலவையில் மட்டும் அறிமுகமாகி இன்னும் சட்டசபைக்கு வராதது தப்பிக்கும். பிரிவு 196. கொள்குறி வினாவுக்கு ஏற்ற கேள்வி இது.

திண்டுக்கல்_பரணி:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், 1938 விவாதத்தை முழுசாகப் படிக்க வேண்டும்போல இருக்கிறது, எங்கே கிடைக்கும்? தமிழில் இருக்குமா?

வரலாறு டீச்சர், மதுரை:

பெரும்பாலும் இங்கிலீஷில்தான் இருக்கும். சென்னைக்குப் போனால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள், சென்னை சட்டசபை நடவடிக்கைக் குறிப்பு, 1938 ஆகஸ்ட் என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். கோயில் நுழைவு என்று மட்டும் எழுதினால் மலபார் மசோதா கட்டைத்தான் எடுத்துவந்து வைப்பார்கள்.