புதுப்பிப்பு: புற்றை இடித்த பிறகு

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் மேய்ச்சல் நிலத்தில் புல் போய்த் தரை வெளுத்தது கறையானால்தான் என்று நினைத்து, அங்குள்ள கறையான் புற்றுகளை இடிக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நான் இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் யோசித்துக்கொண்டிருந்தபோதே அண்ணன் மூன்றை மண்வெட்டியால் தட்டிவிட்டார்.

நேற்று வீடியோ அழைப்பில் காட்டினார். வெட்டிய வாயெல்லாம் ஈரமண் பூசி மூடியிருக்கிறது. "என்னைவிட வேகமான கொத்தனார்கள், தம்பி!" ராணி அடியில் பத்திரமாக இருக்கும்வரை அப்படித்தான்.

புற்றின் மேல் புல் இல்லை, உண்மை. ஆனால் அடியைச் சுற்றி அருகம்புல் அடர்ந்திருக்கிறது. பசு அங்கேதான் வாய் வைக்கிறது. கறையான் அடிமண்ணை மேலே கொண்டுவருகிறது, காய்ந்த சாணத்தையும் அரித்து மண்ணாக்குகிறது. தரை வெளுத்ததற்கு மாடுகளை அளவுக்குமீறி மேய்த்ததே காரணம் என்று அண்ணனே இப்போது ஒப்புக்கொள்கிறார்.

மீதிப் புற்றுகளை விட்டுவிட்டோம். ஒன்றுக்கு அம்மா மஞ்சள் பூசிவிட்டார். அதை இனி யார் தொடுவது?