முதுகு திறந்த பிளவுஸ்: உள்ளே என்ன போடுவது?

வைகைக்காரி:
வைகாசியில் தங்கை கல்யாணம். பட்டுப் பிளவுஸை முதுகு நன்றாகத் திறந்து, கீழே ஒரு பட்டி, மேலே நாடா என்று தைக்க ஆசை. என் அளவு 38. சாதாரண பிரா போட்டால் பட்டை நடுமுதுகில் தெரியும். ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் கப் முகூர்த்தம் தொடங்கி பந்தி முடியும்வரை நிற்குமா? மண்டபத்தில் ஏசி கிடையாது.

ரோஜாப்பூ:
ஏசி ஹாலில் ரிசப்ஷனுக்குப் போட்டேன், பரவாயில்லை. எண்ணெய், பவுடர், லோஷன் எதுவும் தடவாமல் ஒட்டணும். முதலில் வீட்டில் கொஞ்ச நேரம் போட்டுப் பாருங்கள். சிலருக்கு அந்தப் பசை அரிக்கும்.

தையல் அக்கா:
நான் பிளவுஸ் தைப்பவள், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பிராவில் பாரத்தைத் தாங்குவது தோள்பட்டி என்று நினைப்போம். பெரும்பங்கு வேலை மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டையுடையது. முதுகைத் திறந்தால் போவது அதுதான். சிலிக்கான் கப்பில் பட்டையே இல்லை, பாரம் முழுக்கத் தோலில் தொங்கும். வேர்த்தால் ஓரம் கழன்றுவிடும். 38க்கு, வைகாசிப் புழுக்கத்துக்கு, வேண்டாம்மா.

பிளவுஸிலேயே கப் வைக்கச் சொல்லுங்கள், லைனிங்குக்கும் பட்டுக்கும் நடுவில். பிரின்சஸ் கட் (மார்பின் மேலாக நீளவாக்கில் தையல் வரும் வெட்டு), முன்பக்க ஹூக். முதுகுப் பட்டி 3 அங்குலத்துக்குக் குறையவே கூடாது, இனி அதுதான் உங்கள் பிரா பட்டை. இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். கப்பை மேஜையில் அளந்து தைக்க விடாதீர்கள். நீங்கள் போட்டுக்கொண்டு, குண்டூசி குத்தி இடம் பார்க்கணும். அப்புறம் இரண்டு கையையும் தூக்குங்கள், மாலை மாற்றுவதுபோல. கீழ்ப்பட்டி மேலே ஏறினால் பிளவுஸ் லூஸ் என்று அர்த்தம்.

மேலே கட்டும் நாடா அலங்காரம் மட்டும் இல்லை, தோள் சரியாமல் பிடிப்பதும் அதுதான். கடைகளில் தொங்கவிடும் அந்தக் கனமான குஞ்சலம் எனக்குப் பிடிக்காது, முடிச்சை இழுத்துக்கொண்டே இருக்கும்.

முழுக்கத் திறக்கத் தயக்கமாக இருந்தால் பானைக் கழுத்து, அதாவது முதுகில் பானை வடிவத் திறப்பு, வையுங்கள். அதற்குச் சாதாரண பிராவே போடலாம்; அதன் பின்கொக்கியில் மாட்டி இடுப்பைச் சுற்றி முன்னால் கொண்டுவரும் எலாஸ்டிக் பட்டை கிடைக்கிறது. அது பின்பட்டையைக் கீழே இழுத்துவிடும்.

பழைய பேப்பர்:
"இந்தக் காலத்துப் பொண்ணுங்க" என்று அம்மா ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள்: அமெரிக்காவில் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் 1914இல் காப்புரிமை வாங்கிய பிராவுக்குப் பெயரே முதுகில்லாத பிரா. இரண்டு கைக்குட்டையையும் ரிப்பனையும் வைத்துத் தைத்ததாம்.

வைகைக்காரி:
அம்மா ஏற்கெனவே ஆரம்பித்தாச்சு! சரி, சிலிக்கான் வேண்டாம். அக்கா, கப் வைத்த பிளவுஸைத் துவைப்பது எப்படி?

தையல் அக்கா:
பட்டு டிரைவாஷுக்குத்தான். அதற்கு முன் கப்பை எடுக்க வசதியாக, லைனிங்கில் அக்குள் பக்கம் சின்னத் திறப்பு விடச் சொல்லுங்கள். கப்பைத் தனியாகக் கையால் அலசி நிழலில் காயவைக்கலாம். பிழியக் கூடாது, வடிவம் போய்விடும்.